உடம்புக்குள் வைத்த ராடு விஷமாகுமா?

“தென்னந்தோப்பு வாய்க்காலில் வழுக்கி விழுந்த அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிந்து, மூன்று வருடங்களுக்கு முன்பு ராடு வைத்தார்கள். இப்போது வலியில்லாமல் நடக்கிறார். ‘உலோகம் ரத்தத்தில் கலந்து விஷமாகிவிடும், எடுத்துவிடுங்கள்’ என்று ஊரில் சொல்கிறார்கள். எடுக்க வேண்டுமா?”

- வாசகி, சிங்கம்புணரி.

வலியில்லாமல் நடக்கிறார் என்றால் பொதுவாக எடுக்கத் தேவையில்லை. முறிவுக்கு வைக்கும் ராடு, பிளேட், ஸ்க்ரூ எல்லாம் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம். மூட்டைப்போல ஓயாமல் உரசும் வேலை அவற்றுக்கு இல்லை. வயதானவருக்கு, நன்றாக இருக்கும் ராடை எடுப்பதற்காக மறுபடியும் மயக்க மருந்து கொடுத்துக் கிழிப்பதில்தான் ஆபத்து அதிகம். வலி, சீழ், ஸ்க்ரூ கழன்று தோலில் முட்டுவது போன்ற தொந்தரவு வந்தால் எலும்பு மருத்துவர் முடிவு செய்வார்.

ஆனால், ஊர்ப்பேச்சு முழுப் புரளியும் அல்ல. அது இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையில் நடந்த கதை. ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தின் டிப்யூ நிறுவனம் தயாரித்த ‘ஏ.எஸ்.ஆர்’ மூட்டில் பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் உலோகம். நடக்க நடக்க உரசி, நுண்துகள்கள் உதிர்ந்தன. பலருக்குச் சுற்றியிருந்த சதை கெட்டது. ரத்தத்தில் கோபால்ட் ஏறியது. 2010 ஆகஸ்ட்டில் உலகம் முழுக்க அந்த மூட்டு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகள் நடந்திருந்தன. 2018-ல் மத்திய அரசு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு நிர்ணயித்தது. கொடுமை என்னவென்றால், நோயாளிகளில் பலரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள், கிண்ணம் பிளாஸ்டிக்கா, உலோகமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் உலோகம் என்றால், தொடை இடுக்கில் வலி, வீக்கம், நடக்கையில் சத்தம் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்கப் பரிசோதனை இருக்கிறது.

ராடோ, மூட்டோ, எது வைத்தாலும் அதன் பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, மாடல், பேட்ச் நம்பர் எல்லாம் அதில் உண்டு. அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் அது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் இப்போதே கேட்டு வாங்கி, நிலப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போதும் இதைத்தான் கேட்பார்கள்.

இன்னொன்று. காலில் முள் குத்தியோ, மண்வெட்டி பட்டோ சீழ் பிடித்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. அந்தக் கிருமி ரத்தம் வழியாகப் போய் உள்ளே இருக்கும் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளலாம். சர்க்கரை நோய் இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டி, உள்ளே ராடு இருப்பதையும் சொல்லுங்கள்.