பட்டறை வாசலுக்கு வராத கண் முகாம்

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வந்தது. நோயாளி இருக்கும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும் என்பதில் கண் மருத்துவம் அதற்கும் மூத்தது. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் நடத்தித்தான் வளர்ந்தது. இன்று ஓசூரில் நம் முகாம் யாரைத் தேடிப் போகிறது?

பகல் நேரம், பள்ளிக்கூடத் தாழ்வாரம், புரை முற்றிய முதியவர்கள். இதைக் குறைக்கச் சொல்லவில்லை. 2015–19 தேசியக் கணக்கெடுப்பில், 50 வயது கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 விழுக்காடு புரையால் வந்தது. ஆனால் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஜாப் ஒர்க் பட்டறைகளில் கிரைண்டர் பிடிப்பவர் அந்த வரிசையில் இல்லை. கிரானைட் அறுப்பவரும் இல்லை. அந்நேரம் அவர் ஷிப்டில் இருப்பார், அல்லது இரவு வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். பெரிய ஆலைக்குள் மருத்துவ அறை உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைக்குப் பெரும்பாலும் இரண்டும் இல்லை.

அங்கே கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் பக்கத்து மிஷின்காரர் துணி நுனியால் எடுத்துவிடுவார். வேலை தொடரும். கீறல் புண்ணாகி, கருவிழியில் வெள்ளைத் தழும்பு விழுந்த பிறகு நம்மிடம் வருகிறார். நேபாளத்தின் பக்தபூரில், கருவிழி கீறியவர்களுக்குக் கிராமத் தொண்டர்களே 1 விழுக்காடு குளோராம்பெனிக்கால் களிம்பு போட்டார்கள். 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை பெற்ற 284 பேரில் ஒருவருக்கும் புண் வரவில்லை. அவர்கள் வயற்காட்டு மக்கள். பட்டறைக் கண்ணில் துகள் பதிந்தே இருக்கலாம், அதை நாம்தான் எடுக்க வேண்டும். ஆயினும் முதல் நாளிலேயே கவனித்தாக வேண்டும் என்பது இங்கும் மாறாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைப் பற்றியும் அதே மூச்சில் எச்சரிக்க வேண்டும். பூஞ்சைப் புண் மிகுந்த தென்னிந்தியாவில் அது கண்ணையே பறித்துவிடும்.

வெள்ளெழுத்தை நாம் நோயாகவே மதிப்பதில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது கடந்த தொழிலாளர்களுக்குக் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிட்டால் அவர்கள் பறித்த இலை 21.7 விழுக்காடு கூடியது. வெர்னியர் படிக்கத் தடுமாறும் லேத் ஆபரேட்டருக்கு அந்தக் கண்ணாடி கூலியைக் காக்கும், விரலையும் காக்கும்.

ஆகவே அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்குமுன் பட்டறை உரிமையாளர்களிடம் ஷிப்ட் மாறும் நேரத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு தெருவிலும் ஒருவருக்கு, எந்தக் கண்ணை உடனே அனுப்ப வேண்டும் என்று கற்றுக்கொடுங்கள். அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கோ, ஒடிசாவுக்கோ வேலையோடு நகர்ந்துவிடுபவரின் சிகிச்சைக் குறிப்பை அவர் கைப்பேசியிலேயே படமெடுத்துக் கொடுத்தனுப்புங்கள். நம் பதிவேட்டில் மட்டும் இருக்கும் குறிப்பால் அவருக்குப் பயனில்லை.