செய்த தொழிலுக்குச் சான்று எங்கே?

புறக்கோட்டையிலுள்ள மொத்த விற்பனை நிலையமொன்றில் ஏழு வருடங்கள் கணக்கு எழுதிய இளைஞர் ஒருவர் அண்மையில் எம்மைச் சந்திக்க வந்திருந்தார். கனடாவின் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிப்பதற்கென முதலாளியிடம் பெற்றுக் கொண்ட கடிதம் அவரது கையில் இருந்தது. அவர் தமது நிறுவனத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர், நேர்மையும் நல்லொழுக்கமும் உடையவர், அவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம் என்பதே அதன் முழு வாசகமும். முதலாளி மனமுவந்து கொடுத்த கடிதம்தான் அது. இந்நாட்டில் வேறொரு கடையில் வேலைக்குச் சேர்வதற்கு அது தாராளமாகப் போதும். ஆனால் கனேடியக் குடிவரவு அதிகாரியின் மேசையில் அந்த ஏழு வருட உழைப்பை நிரூபிப்பதற்கு அக்கடிதத்தால் அநேகமாக எதுவும் ஆகப்போவதில்லை.

2015 ஆம் ஆண்டு ஜனவரியில் அறிமுகப்படுத்தப்பட்ட எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையின் கீழ்தான் திறன்சார் தொழிலாளர் பிரிவுக்கான விண்ணப்பங்கள் கையாளப்படுகின்றன. இப்பிரிவில் தகுதி பெற நூற்றுக்கு 67 புள்ளிகள் தேவை. மொழித் தேர்ச்சிக்கு 28, கல்விக்கு 25, தொழில் அனுபவத்துக்கு ஆகக் கூடியது 15 எனப் புள்ளிகள் வகுக்கப்பட்டுள்ளன. இந்த எண்களைப் பார்க்கும் எமது இளைஞர்கள் ஆங்கிலப் பரீட்சைக்கும் பட்டச் சான்றிதழ் மதிப்பீட்டுக்கும் பணத்தையும் நேரத்தையும் கொட்டி விட்டு, அனுபவக் கடிதத்தைக் கடைசியில் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டு விடுகின்றனர். பரீட்சையில் புள்ளி குறைந்தால் மீண்டும் எழுதலாம். மூடப்பட்டு விட்ட ஒரு நிறுவனத்திடம் மீண்டும் போய்க் கடிதம் கேட்க முடியாது. அத்துடன், அனுபவம் என்பது வெறுமனே புள்ளிக்கான விடயமுமன்று. கடந்த பத்து வருடங்களுக்குள், ஒரே வகையான தொழிலில், தொடர்ச்சியாக ஒரு வருடமேனும் ஊதியத்துடன் கடமையாற்றியிருக்க வேண்டும் என்பது வாசற்படி நிபந்தனை. வாரத்துக்கு 30 மணித்தியாலங்கள் வீதம் 1,560 மணித்தியாலங்கள் என்று அதனைக் கணக்கிடுகின்றார்கள். அதை நிரூபிக்காதவருக்கு ஏனைய புள்ளிகள் எத்தனை இருந்தும் பயனில்லை.

இம்முறையில் இன்னொரு பொறியும் உண்டு. ஆரம்பத்தில் விண்ணப்பதாரி தமது அனுபவத்தைத் தாமே பதிந்து கொள்கின்றார். அவ்வேளையில் எவரும் கடிதம் கேட்பதில்லை. அழைப்புக் கிடைத்த பின்னரே சான்றுகள் கோரப்படுகின்றன. அதற்குக் கொடுக்கப்படும் அவகாசம் 60 நாட்கள். பத்து வருடங்களில் மூன்று இடங்களில் வேலை பார்த்தவர் இரண்டு மாதங்களுக்குள் மூன்று முதலாளிமாரின் பின்னால் அலைய வேண்டியவராகின்றார்.

அப்படி அவர்கள் கேட்பதுதான் என்ன? நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், அதன் முகவரி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் ஆகியவற்றுடன், பொறுப்பதிகாரியின் பெயரும் பதவியும் கையொப்பமும் இருக்க வேண்டும். பணியாளர் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, என்ன பதவியில், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலங்கள், எவ்வளவு வருடாந்தச் சம்பளத்துக்கு வேலை செய்தார், ஏனைய கொடுப்பனவுகள் எவை, அவர் செய்த கடமைகள் எவை என்பனவெல்லாம் அதில் சொல்லப்பட வேண்டும். நல்லொழுக்கத்தைப் பற்றி ஒரு வரியும் கேட்கப்படவில்லை. எமது கடிதங்களோ அந்த ஒரு வரியை மட்டுமே தாங்கி வருகின்றன. ஆளைப் பற்றிச் சாட்சி சொல்வது எமது மரபு. அவர்களுக்கு வேண்டியது வேலையைப் பற்றிய சாட்சி.

கடமைகள் என்ற பகுதியிலேயே அதிகமானோர் தடுக்கி விழுகின்றனர். கனடாவின் தேசிய தொழில் வகைப்படுத்தலில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. 2022 நவம்பரிலிருந்து எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பயன்படுத்தப்படும் இவ்வகைப்படுத்தலில், இரண்டாவது இலக்கம் அத்தொழிலுக்கு வேண்டிய பயிற்சி, கல்வி என்பவற்றின் தரத்தைக் காட்டுகின்றது. பூச்சியம் முதல் மூன்று வரையிலான தரங்களே ஏற்கப்படும். கணக்குப் பதிவாளருக்குரிய குறியீடு 12200. கணக்கு எழுதுவினைஞருக்குரியது 14200. ஓர் இலக்கமே வித்தியாசம். முன்னவர் உள்ளே வரலாம், பின்னவருக்குக் கதவு இல்லை. நாம் மேலே குறிப்பிட்ட இளைஞர் பேரேடு பராமரித்திருக்கின்றார், வங்கிக் கணக்கிணக்கக் கூற்று தயாரித்திருக்கின்றார், மாத முடிவில் பரீட்சை மீதி எடுத்திருக்கின்றார். இவை முதலாவது குறியீட்டுக்குரிய கடமைகள். ஆனால் கடையில் அவரை எல்லோரும் அழைத்த பெயர் கிளார்க். முதலாளியும் அந்தப் பெயரையே எழுதிக் கொடுத்து விட்டார். பதவிப் பெயர் மாத்திரம் தீர்மானிப்பதில்லை, செய்த கடமைகளே முக்கியம் என்பது கனேடிய விதி. அந்த விதியின் பயனைப் பெறுவதற்குக் கூடக் கடமைகள் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டுமே! மறுபுறத்தில், வகைப்படுத்தலில் உள்ள வாசகங்களைச் சொல்லுக்குச் சொல் பிரதி பண்ணிக் கொடுக்கும் கடிதங்களும் சந்தேகத்துக்கே இடமளிக்கின்றன. ஆள் உண்மையில் செய்ததை அவரது கடையின் மொழியில் எழுதுவதே உகந்தது.

முதலாளிமார் ஏன் தயங்குகின்றனர் என்ற கேள்விக்கு, வேலையாள் போய்விடுவானே என்ற கவலைதான் பதில் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அது பாதி உண்மை. மணித்தியாலமும் சம்பளமும் குறிப்பிட்டு ஒப்பமிடப்படும் கடிதம் முதலாளிக்கு எதிரான ஓர் ஆவணமாகவும் மாறக் கூடியது என்பதே மறுபாதி. 1954 ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்துக்கு 45 மணித்தியால வேலையையே சாதாரண அளவாக வைத்துள்ளது. காலை எட்டு மணிக்குத் திறந்து இரவு எட்டு மணிக்கு மூடும் கடையின் முதலாளி உண்மையான நேரத்தை எழுதினால் மேலதிக நேரக் கொடுப்பனவு எங்கே என்ற கேள்வி எழும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும் என்பது 1958 ஆம் ஆண்டின் சட்டம். சிறு நிறுவனங்கள் பலவற்றில் அது செலுத்தப்படுவதே இல்லை. செலுத்தும் இடங்களிலும் உண்மைச் சம்பளத்தின் ஒரு பகுதியை மாத்திரம் கணக்கில் காட்டி, மிகுதியைக் காசாகக் கையில் கொடுக்கும் வழக்கம் யாவரும் அறிந்ததே.

இதன் விளைவு ஊழியர் மீதே விடிகின்றது. முதலாளி தாராள மனதுடன் உண்மைச் சம்பளத்தை எழுதிக் கொடுத்தாலும், அதற்குத் துணையாகச் சமர்ப்பிக்கப்படும் சேமலாப நிதிக் கூற்றில் அதில் மூன்றிலொரு பங்கே தெரியும்போது, பொய் சொல்பவர் யார் என்று அதிகாரி கேட்கத்தானே செய்வார்? அந்தக் கேள்வி முதலாளியிடம் கேட்கப்படுவதில்லை. விண்ணப்பத்தில் இருப்பது ஊழியரின் பெயர்.

யுத்தம் எமது சமூகங்களின் பதிவேடுகளை எவ்வாறு தின்றது என்பதை இங்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1983 ஜூலையில் எரிந்த கடைகளோடு கணக்குப் புத்தகங்களும் எரிந்தன. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் உறுதிகளையும் ரசீதுகளையும் கூட எடுத்து வர இயலாதவர்களாக வந்தார்கள். 1983 இன் பின்னர் கனடாவை நாடிச் சென்றோரிடம் பட்ட துன்பத்துக்கான சான்றே கேட்கப்பட்டது. அவர்களது பிள்ளைகளின் வயதையொத்தவர்களிடம் இன்று பார்த்த வேலைக்கான சான்று கேட்கப்படுகின்றது. பத்து வருட எல்லை காரணமாக, யுத்த காலத்து வேலை அனுபவம் இன்றைய விண்ணப்பத்தில் எப்படியும் இடம்பெறப் போவதில்லை. ஆகவே, கடதாசி இல்லாமைக்கு யுத்தத்தையே காரணம் காட்டுவது இனிப் பொருந்தாது. வாய்ச்சொல்லில் வேலைக்குச் சேர்ந்து வாய்ச்சொல்லில் விலகும் பழக்கம் மாத்திரம் சமாதான காலத்திலும் அப்படியே தொடர்கின்றது.

மத்திய கிழக்கில் உழைத்தவர்களின் நிலை வேறு விதமானது. அங்கு கடதாசிக்குக் குறைவில்லை. அதில் உள்ள பெயர்தான் பிழை. கிழக்கு மாகாணத்திலிருந்து கட்டாருக்கோ சவூதி அரேபியாவுக்கோ சென்ற ஒருவரின் விசாவிலும் இகாமாவிலும் தொழிலாளி என்றோ சாரதி என்றோ பதியப்பட்டிருக்கும். அவர் செய்ததோ களஞ்சியப் பொறுப்பாளரின் வேலை. புறப்படும்போது வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த ஒப்பந்தத்திலும் அதே பிழையான பெயர்தான். கிடைத்த விசாவில் ஏறிப் போவதே அன்றைய அவசரமாக இருந்தது. பத்து வருடங்கள் கழித்து அந்தச் சொல் தம்மைத் துரத்தி வரும் என்று எவர் நினைத்திருப்பார்? இவர்களுக்குள்ள ஓர் அனுகூலம், சம்பளம் வங்கியூடாக வந்ததே. ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2009 முதல் அதற்கெனத் தனி முறைமை உண்டு. நாடு திரும்பும் முன்னரே வங்கிக் கூற்றுகளையும், உண்மையான கடமைகளைக் குறிப்பிடும் மேற்பார்வையாளரின் கடிதத்தையும், விசாவில் பெயர் வேறுபட்டமைக்கான விளக்கத்தையும் பெற்றுக் கொள்ளாதவர்கள் பின்னர் கடல் கடந்து அவற்றைத் தேடுவது இலகுவன்று.

சுயதொழில் செய்வோருக்கும் வழி உண்டு. வியாபாரப் பதிவு, வருமானத்துக்கான ஆதாரம், சேவையைப் பெற்ற வாடிக்கையாளர்கள் கொடுப்பனவு விபரங்களுடன் தரும் கடிதங்கள் ஆகியன ஏற்கப்படும். தாமே எழுதிக் கொள்ளும் கடமைப் பட்டியல் ஏற்கப்படாது. எதற்கெடுத்தாலும் சமாதான நீதவானிடம் சென்று சத்தியக் கடதாசி முடித்துக் கொண்டு வரும் எம்மவர்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். வடக்கிலும் கிழக்கிலும் வருடக்கணக்காகச் சம்பளமின்றிக் கற்பித்த தொண்டர் ஆசிரியர்களின் நிலைதான் மிகவும் பரிதாபத்துக்குரியது. ஊதியமில்லாத வேலை அங்கு வேலையாகவே கணிக்கப்படுவதில்லை. இங்கும் அது கணிக்கப்படவில்லை என்பது வேறு விடயம்.

இத்தனை இடைவெளிகளுக்குள்ளும்தான் போலிக் கடிதம் நுழைகின்றது. கடிதத் தலைப்பும் இறப்பர் முத்திரையும் தயாரித்துத் தரும் முகவர்கள் இருக்கின்றார்கள். அவர்களை நாடுவோரில் வேலையே செய்யாதவர்களும் உண்டு. ஆனால் உண்மையாகவே வேலை செய்து விட்டு, கடிதம் கிடைக்காத காரணத்தால், தமது உண்மை அனுபவத்துக்கே பொய்க் கடிதம் வாங்குவோரும் உண்டு என்பதே எம்மைக் கவலை கொள்ள வைக்கின்றது. அதிகாரிகள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்து விசாரிப்பதுண்டு. அகப்பட்டால் கனேடியக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40 ஆவது பிரிவின் கீழ் ஐந்து வருடங்களுக்கு நாட்டினுள் நுழைவதற்கோ நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிப்பதற்கோ முடியாது. வதிவிட உரிமை பெற்ற பின்னர் தெரியவந்தால் அதுவும் பறிபோகலாம். முகவருக்கு ஒரு நட்டமும் இல்லை. பணம் பெற்றுக் கொண்டு விண்ணப்பதாரியின் சார்பில் செயற்படும் அதிகாரம் கனேடியச் சட்டத்தரணிகளுக்கும் கியூபெக் நோத்தாரிசுகளுக்கும் கனடாவில் அனுமதி பெற்ற ஆலோசகர்களுக்குமே உண்டு. தெருமுனை முகவர் விண்ணப்பத்தில் தமது பெயரைக் கூடக் காட்டுவதில்லை.

கடிதம் பெறவே முடியாதவர் கடிதம் வாங்கத் தேவையில்லை. ஏன் பெற முடியவில்லை என்பதை விளக்கி, அதற்காக எடுத்த முயற்சிகளுக்கான ஆதாரத்தையும் சேர்த்து, நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், வங்கிக் கூற்று, சேமலாப நிதிப் பதிவு, முன்னாள் மேற்பார்வையாளரின் கூற்று என்பவற்றைச் சமர்ப்பிக்க இடமுண்டு. அதிகாரி திருப்தியடைவார் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாதுதான். எனினும், நிராகரிக்கப்பட்டவர் மறுபடியும் விண்ணப்பிக்கலாம்.

மாதச் சம்பளம் வங்கியிலும் வரிப் பதிவிலும் தானாகவே தடம் பதிக்கும் ஒரு பொருளாதாரத்துக்கென வகுக்கப்பட்ட விதி இது. காசும் நம்பிக்கையுமாக இயங்கும் எமது கடைத்தெருவுக்கு அது பொருந்தாது என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் விதியைக் கனடா எமக்காக மாற்றப் போவதில்லை. மாற்றக் கூடியது இங்குள்ளது. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் 17 ஆவது பிரிவு, வேலைக்குச் சேரும் நாளிலேயே வேலை நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்குமாறு முதலாளிக்கு ஏற்கெனவே கட்டளையிடுகின்றது. எத்தனை கடைகளில் அது நடைபெறுகின்றது என்று தொழில் திணைக்களம் தேடிப் பார்க்க வேண்டும். தொழிற் சட்டங்களை ஒன்றிணைக்கும் யோசனை 2023 இல் பேசப்பட்டது. அத்தகைய சட்டமொன்று வருமாயின், விலகும் ஊழியருக்குக் கடமைகளும் காலமும் சம்பளமும் குறிப்பிட்ட சேவைச் சான்று வழங்குவது கட்டாயமாக்கப்படல் வேண்டும். வெளிநாடு செல்பவருக்கு மட்டுமன்றி, ஊழியர் நட்டஈட்டுக்கோ வங்கிக் கடனுக்கோ அலைபவருக்கும் அது உதவும். வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிருவாகங்களும் தமது உறுப்பினர்களான கடை உரிமையாளர்களிடம் இதை எடுத்துச் சொல்ல முடியும்.

முதலாளிமாரை மாத்திரம் குறை கூறி விட்டு நாம் ஒதுங்கிக் கொள்வது நியாயமன்று. எம்மிடம் பல வருடங்கள் பக்க வடிவமைப்பாளராகக் கடமையாற்றிய ஒருவர் சில மாதங்களுக்கு முன்னர் இத்தகைய கடிதமொன்றைக் கேட்டு வந்தார். அரை மணித்தியாலத்தில் முடியும் காரியம் என்றே நினைத்தோம். நான்கு நாட்கள் சென்றன. நியமனக் கடிதத்தின் பிரதி அவரிடமும் இல்லை, எம்மிடமும் இல்லை. பழைய வரவுப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தபோது, இடையில் மூன்று மாதங்கள் அவர் வேலைக்கு வரவில்லை என்பது தெரிந்தது. தந்தையாரின் சுகவீனம் காரணமாக ஊருக்குச் சென்றிருந்த காலம் அது. எமக்கும் மறந்திருந்தது, அவருக்கும் மறந்திருந்தது. அந்த மூன்று மாதங்களையும் சேர்த்து எழுதி விடலாமே என்று அலுவலகத்தில் சிலர் சொன்னார்கள். சேர்க்காமலே எழுதினோம். அதன் பின்னரும் அவரது தொடர்ச்சியான ஒரு வருடத்துக்குக் குறைவில்லை என்பதைப் பதிவேட்டில் பக்கம் பக்கமாக அவரோடு இருந்து எண்ணிப் பார்த்த பின்னரே ஒப்பமிட்டோம்.