வாங்கிக் கொடுத்தது போதும், பெற்றோரே!

ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். மால் என்று சொல்லும். போன ஞாயிறு? மால். அதற்கு முந்தைய ஞாயிறு மழை, அதனால் அம்மா போனிலேயே ஷாப்பிங். சென்னையில் மட்டுமில்லை, கோவையிலும் மதுரையிலும் இதே கதைதான். கடற்கரை, பூங்கா, பெரியப்பா வீடு எல்லாம் பின்வரிசைக்குப் போய்விட்டன. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் பிள்ளை நமக்கு முழுதாகக் கிடைக்கிறது. அதையும் ஏசி போட்ட கடைத்தெருவில் கொண்டுபோய்க் கரைக்க வேண்டுமா?

உள்ளே போனதும் முதல் பஞ்சாயத்து கேம் ஜோனில். கார்டில் ஆயிரம் ரூபாய் ஏற்றிக் கையில் கொடுக்கிறோம். ஒவ்வொரு மெஷினிலும் தேய்க்கும்போது பணம் குறைவது பிள்ளைக்குத் தெரியாது, பச்சை விளக்கு எரிவதுதான் தெரியும். கூடையில் பந்து போட்டால் டிக்கெட், சுத்தியலால் தவளை மண்டையில் அடித்தால் டிக்கெட். மெஷினின் அடிவாயிலிருந்து நாக்கு நீட்டுவதுபோல வந்துகொண்டே இருக்கும். கார்டு காலியானதும் அத்தனையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு ஓடினால், கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரக் கரடி பொம்மை. நம் கையில் இருக்கும் டிக்கெட்டுக்கு ஒரு ரப்பர், ஒரு பிளாஸ்டிக் மோதிரம், இரண்டு மிட்டாய். பிள்ளை உதட்டைப் பிதுக்கும். உடனே அப்பா சொல்வார்: "அழாதடா, கீழ கடையில இதவிட பெரிய கரடியா வாங்கித் தரேன்."

அந்த ஒரு வார்த்தையில் என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று யோசித்தோமா? ஏமாந்துவிட்டாயா, கடைக்குப் போ. மனசு வலிக்கிறதா, எதையாவது வாங்கு. ஏழு வயதில் படித்த இந்தப் பாடத்தை அந்தப் பிள்ளை இருபத்தேழு வயதில் கிரெடிட் கார்டை வைத்துக்கொண்டு திரும்ப எழுதிக் காட்டும். அப்போது, "இந்தக் காலத்துப் பசங்களுக்குக் காசோட அருமை தெரியல" என்று நாம் புலம்புவோம்.

பணம் முக்கியமில்லை, மனசுதான் முக்கியம் என்று உபதேசம் செய்ய வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குச் சொந்தமாக இரண்டு வீடு இருக்கும். காசு சந்தோஷம் தருமா என்ற கேள்விக்கு அறிஞர்களே முட்டி மோதித்தான் விடை கண்டார்கள். 2010-ல் டேனியல் கானமனும் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டிவிட்டால் அன்றாட மனமகிழ்ச்சி அதற்குமேல் ஏறுவதில்லை என்றார்கள். உறவினர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இது இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2021-ல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர், அப்படியெல்லாம் நிற்பதில்லை, அதற்குமேலும் ஏறத்தான் செய்கிறது என்று காட்டினார். பிறகு கானமனும் அவரும் பார்பரா மெல்லர்ஸும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் பார்த்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு வருமானம் கூடக்கூட மகிழ்ச்சியும் கூடுகிறது. ஏற்கெனவே மனம் நொந்து கிடக்கும் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் அது ஓரளவோடு நின்றுவிடுகிறது.

ஆகவே, காசு சந்தோஷம் தரும். என் சண்டை காசோடு இல்லை, கடையோடு.

"நாங்க பட்ட கஷ்டம் எங்க புள்ளைங்க படக்கூடாது" என்று சொல்லாத வீடு தமிழ்நாட்டில் உண்டா? நியாயமான ஆசைதான். ஆனால் நாம் பட்ட கஷ்டம் என்ன, ரிமோட் கார் இல்லாததா? ஜூன் பிறந்தால் அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகும், தை பொறந்தால் மீட்கலாம் என்பார்கள். தை வரும், வளையல் வராது. பீஸ் கட்டாத பிள்ளைகள் பெயரை வகுப்பில் வாசிப்பார்கள். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தால், யாரிடம் கைமாற்று கேட்பது என்று இருட்டில் பெரியவர்கள் குசுகுசுப்பது காதில் விழும். இதுதான் கஷ்டம். இதற்கு மருந்து வங்கியில் ஆறு மாசச் செலவுக்கான தொகை, ஒரு மருத்துவக் காப்பீடு, கடன்காரனுக்குப் பயப்படாத மாச முதல் தேதி. பணம் சந்தோஷம் தருவது பெரும்பாலும் இப்படித்தான்: பயத்தை எடுத்துவிட்டு.

நாமோ அந்த மருந்தை விற்றுப் பொம்மை வாங்குகிறோம். பொம்மை என்றால் பொம்மை மட்டுமில்லை. எட்டாவது படிக்கும் பையனுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் போன். கேட்டால், "வட்டியில்லாத் தவணைதான் சார்." பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. வட்டி எங்கேயும் போய்விடாது. பொருளின் விலைக்குள்ளோ, ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியிலோ, பிராசஸிங் கட்டணத்திலோ உட்கார்ந்திருக்கும். மாசம் இருபதாம் தேதிக்கு மேல் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் குரலைத் தாழ்த்திப் போடும் சண்டை அந்தப் பையனுக்குக் கேட்காது என்று நினைக்கிறீர்களா? நமக்கு அன்று கேட்ட அதே குசுகுசுப்புதான். அவன் கேட்கும்போது கையில் புதுப் போன் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளைகள் தூங்கிய பிறகு நாம் செய்வது இன்னும் அழகு. ராத்திரி பதினொரு மணி, உடம்பெல்லாம் அசதி, கட்டை விரல் மட்டும் ஓயாது. "இன்னும் 2 மட்டுமே மிச்சம்." "சலுகை முடிய 9 நிமிடம்." இந்தப் பொய் அவசரத்தையும், நாம் கேட்காத பொருளைக் கூடைக்குள் நைசாகச் சேர்த்துவிடுவதையும், வேண்டாம் என்றால் நம்மையே கூசவைக்கும் வாசகங்களையும் சேர்த்து மொத்தம் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. தடை இருக்கிறது, கட்டை விரலும் இருக்கிறது. காலையில் எழுந்தால் ஆர்டர் போட்டதே பாதி மறந்திருக்கும். மூன்றாம் நாள் டெலிவரிப் பையன் மணி அடிக்கும்போது பிள்ளை ஓடிவந்து கேட்கும்: "எனக்கா?" இந்த "எனக்கா" இருக்கிறதே, அதைக் கேட்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முன்பெல்லாம் வாசலில் மணி அடித்தால் பிள்ளைகள் "யாரு வந்திருக்கா?" என்று கேட்கும்.

வாங்கியதை வைத்து விளையாடுகிறதா என்றால் அதுவும் இல்லை. உங்கள் வீட்டுப் பொம்மைக் கூடையைத் தரையில் கொட்டிப் பாருங்கள். ரிமோட் தொலைந்த கார், கார் உடைந்த ரிமோட், பேட்டரி கசிந்து பச்சை பூத்த பியானோ, பெயர் தெரியாத ஏதோ ஒரு செட்டின் ஒற்றைக் கை. எல்லாவற்றுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "போர் அடிக்குதும்மா." அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 மழலைகளை வைத்து ஒரு சோதனை நடத்தி 2018-ல் வெளியிட்டார்கள். ஒருமுறை 4 பொம்மை, இன்னொரு முறை 16 பொம்மை. நாலே பொம்மை இருந்தபோதுதான் ஒவ்வொன்றையும் கூடுதல் நேரம் வைத்துக்கொண்டு, விதவிதமாக விளையாடின. இதற்குப் பல்கலைக்கழகம் எதற்கு, எங்கள் பாட்டிக்கே தெரியுமே என்பீர்கள். தெரிந்துமா பதினேழாவதை வாங்கினோம்?

ஏன் வாங்குகிறோம் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். வீட்டுக்கு வர ராத்திரி எட்டரை ஆகிறது. வந்தும் லேப்டாப். பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போகவில்லை, விளையாட்டு விழாவுக்குப் போகவில்லை. அந்தக் குற்றவுணர்ச்சிக்கு ஒரு டப்பா, அடுத்த குற்றவுணர்ச்சிக்கு அதைவிடப் பெரிய டப்பா. 2011-ல் யுனிசெஃபின் பிரிட்டன் பிரிவுக்காக ஆக்னஸ் நேர்ன் என்ற ஆய்வாளரும் இப்சோஸ் மோரி நிறுவனமும் பிரிட்டன், ஸ்வீடன், ஸ்பெயின் ஆகிய மூன்று நாட்டுக் குடும்பங்களைப் போய்ப் பார்த்தார்கள். பிரிட்டன் வீடுகளில் பொம்மைகள் பெட்டி பெட்டியாக. பெற்றோர் களைத்துப்போய், நேரம் கொடுக்க முடியாததைப் பொருளால் சரிக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைக் கேட்டால், மூன்று நாட்டிலும் ஒரே பதில்: வீட்டாரோடு நேரம், கூட்டாளிகள், வெளியே போய்ச் செய்ய ஏதாவது. பொருள் முதலிடத்தில் இல்லை. ஸ்வீடனில் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யவே தடை. நம் ஊரில் கார்ட்டூனுக்கு நடுவில் விளம்பரமா, விளம்பரத்துக்கு நடுவில் கார்ட்டூனா என்றே தெரியவில்லை. நம் பிள்ளைகள் கேட்பதும் அந்த நாட்டுப் பிள்ளைகள் கேட்டதைத்தான். நாம் கொடுப்பது தாகம் என்று வந்தவனுக்கு முறுக்குத் தட்டை நீட்டுகிற கதை.

வேலையை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. எட்டரைக்கு வந்தாலும் பத்து நிமிடம் இருக்கும். தோசை ஊற்றும்போது பிள்ளையை மேடைப் பக்கத்தில் நிற்கவைத்து வகுப்பில் யார் யாரோடு சண்டை என்று கேட்கலாம். லைப்ரரிக்குக் கூட்டிப் போகலாம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-லிருந்து இருக்கிறது, மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023-லிருந்து இருக்கிறது. இரண்டிலும் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு. பில் போட கவுன்ட்டரே கிடையாது என்பதாலோ என்னவோ, நமக்கு அங்கே போகத் தோன்றுவதில்லை.

காசையும் பிள்ளையின் கண்ணில் காட்டுங்கள். நாலு வயசுப் பிள்ளை, "ஜிபே பண்ணுப்பா" என்று சொல்வதைக் கேட்டு நாம் சிரிக்கிறோம், ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை போனைக் காட்டினால் கடைக்காரர் பொருள் கொடுப்பார், போன் தீரவே தீராது. நாம் படித்த காலத்தில் பள்ளியில் சஞ்சயிகா என்ற சேமிப்புத் திட்டம் இருந்தது. ஒரு ரூபாய் கட்டினாலும் பாஸ்புக்கில் வரவு வைத்துக் கொடுப்பார்கள், வருடக் கடைசியில் எண்ணிப் பார்ப்போம். அதைப்போல வாரம் ஐம்பது ரூபாய் நோட்டாகவே கொடுங்கள். கண்டதை வாங்கித் தொலைக்கட்டும், புதன்கிழமையே தீர்ந்துபோகட்டும், சனிக்கிழமை வரை கையைப் பிசையட்டும். நடுவில் இரக்கப்பட்டு நிரப்பாதீர்கள், குறிப்பாகத் தாத்தாக்கள். கரண்ட் பில் வந்தால் பத்து வயசுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஏசிக்கு எவ்வளவு என்று அதுவே கணக்குப் போடும். "நம்மகிட்ட காசு இருக்கா?" என்று பிள்ளை கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள். இதுக்கு இருக்கு, அதுக்கு இல்லை என்று நேராகச் சொல்லலாம். அதைக் கேட்டுப் பிள்ளை உடைந்துவிடாது.

கடைசியாக, இந்த ரிட்டர்ன் கிப்ட் கூத்து. பலூன் வளைவு, ஸ்பைடர்மேன் பேக்டிராப், மூன்றடுக்கு கேக் எல்லாம் முடிந்து ஆளுக்கொரு பை. உள்ளே சீவாத ஷார்ப்னர், மூடாத டப்பா, ஒரு பாட்டில். அதற்கும் ஒரு வாரமாக குரூப்பில் விசாரணை: "இருநூறு ரூபாய்க்குள்ள நல்ல ஐடியா சொல்லுங்கப்பா." வந்த பரிசுகளைப் பிறந்தநாள் பிள்ளை பிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கிழி, பார், தள்ளு, அடுத்தது. எட்டாவது பெட்டியில் கை இருக்கும்போது முதல் பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கனடாவில் லாரா அக்னின் குழுவினர் இரண்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுத்துவிட்டு, அதில் ஒன்றை ஒரு கைப்பொம்மைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். தனக்குக் கிடைத்தபோது இருந்ததைவிடத் தன் பங்கிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது முகம் கூடுதலாக மலர்ந்தது என்று 2012-ல் எழுதினார்கள். கொடுக்கும் சந்தோஷம் பிள்ளைக்கு நாம் சொல்லித் தராமலேயே தெரிந்திருக்கிறது. ஆனால் ரிட்டர்ன் கிப்ட் பையில் பிள்ளை கொடுப்பது எதுவுமில்லை. அது பெற்றோருக்கும் பெற்றோருக்கும் நடுவில் ஓடும் மொய்க் கணக்கு.

இதில் அடிபடுவது யார் தெரியுமா? எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை தன் பிறந்தநாளன்று பள்ளிக்கு லீவு போடுகிறது. வகுப்பு முழுக்கப் பை கொடுக்க அந்த வீட்டில் வசதியில்லை. காய்ச்சல் என்று சொல்லச் சொல்லி அம்மாவிடம் அதுவே கேட்டுக்கொண்டதாம். அந்தக் காய்ச்சலை வரவழைத்தவர்கள் நீங்களும் நானும்தான்.

யாராவது ஒரு வீடு முதலில் நிறுத்த வேண்டும். குரூப்பில் நாலு பேர் சேர்ந்து சொன்னால் போதும், மற்றவர்கள் உள்ளுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டே சம்மதிப்பார்கள். பரிசு கொண்டுவர வேண்டாம், பையும் தர மாட்டோம், பிள்ளையை மட்டும் நாலு மணிக்கு அனுப்புங்கள், ஏழு மணிக்கு வந்து கூட்டிப் போங்கள். கஞ்சம் என்று இரண்டு பேர் பேசத்தான் செய்வார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு கரண்டி கேசரி போட்டு அனுப்புங்கள்.