சர்வரின் விலையோடு கணக்கு முடிவதில்லை: டிஜிட்டல் இலங்கையின் மின்கட்டணத்தை யார் கொடுப்பது?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததில் முழு நாடும் மின்சாரம் இன்றித் தவித்தது. நுரைச்சோலையின் இயந்திரங்களும் செயலிழந்ததால் அடுத்து வந்த நாட்களில் சுழற்சி முறையில் மின்வெட்டும் நடந்தது. உலக ஊடகங்கள் சிரித்தன, நாமும் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம்.

ஆனால் இதே நாடுதான் இன்று டிஜிட்டல் அடையாள அட்டை, வைத்தியசாலைப் பதிவுகள், வரி, காணி விபரங்கள் என அனைத்தையும் கணினிக்கு மாற்றப் புறப்பட்டிருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான். எனினும் அந்தத் தகவல்கள் காற்றில் மிதக்கப் போவதில்லை. இரும்புச் சட்டங்களில் தட்டுத் தட்டாக அடுக்கப்பட்ட சர்வர்களில், நாளுக்கு 24 மணித்தியாலமும் வருடத்துக்கு 365 நாளும் ஓய்வின்றி ஓடப் போகின்றன. அவற்றின் மின்கட்டணம் யாருடைய பையிலிருந்து போகும் என்ற கேள்வியை எவரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஒரு எளிய கணக்கைப் பார்ப்போம். சராசரியாக 500 வொட் எடுக்கும் ஒரு சர்வர் வருடத்துக்கு 4,380 அலகு மின்சாரம் பாவிக்கும். அதோடு முடிவதில்லை. அது கக்கும் வெப்பத்தை வெளியேற்றக் குளிரூட்டி வேண்டும், யூ.பி.எஸ் வேண்டும். மொத்த மின்சாரத்தை, கணினிகள் மட்டும் எடுக்கும் மின்சாரத்தால் பிரித்து வரும் எண்ணைத் துறை சார்ந்தோர் பி.யூ.இ என்கின்றனர். அது 1.8 ஆக உள்ள ஓர் அறையில் இந்தச் சர்வரின் ஐந்து வருடப் பாவனை 39,420 அலகு. 1.3 ஆக உள்ள இடத்தில் 28,470 அலகு. ஓர் அலகை 30 ரூபா என்று கணக்குக்காக எடுத்துக்கொண்டால், வித்தியாசம் மூன்று இலட்சத்து இருபத்தெட்டாயிரம் ரூபாவைத் தாண்டுகிறது. இது ஒரேயொரு சர்வருக்கான தொகை. நூறு சர்வர்களுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

நமது கொள்வனவு முறையோ கேள்விப்பத்திரத்தில் ஆகக் குறைந்த விலையைப் போட்டவரைத் தேடுவதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வாங்கிய பின்னர் வரும் செலவு வேறொரு திணைக்களத்தின் தலைவலி. இதன் விளைவை 2023இல் பார்த்தோம். அரச மேகக் கணினி வலையமைப்பு கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதலுக்கு உள்ளாகி, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. காலாவதியான மென்பொருளைப் புதுப்பிக்க நிதி கிடைக்காததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. இயந்திரத்தை வாங்கும் நாளில் காட்டும் ஆர்வத்தை அதை நடத்தும் நாட்களில் நாம் காட்டுவதில்லை.

நம்மைப் போலவே வெப்பமும் ஈரப்பதனும் உள்ள சிங்கப்பூர் என்ன செய்தது? தரவு மையங்கள் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 வீதத்தை விழுங்கிய நிலையில், 2019இல் புதிய மையங்களுக்கான அனுமதியையே நிறுத்தி வைத்தது. 2022இல் கதவை மீண்டும் திறந்தபோது, பி.யூ.இ 1.3க்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. 2023இல் வெப்பமண்டல நாடுகளுக்கென ஒரு தரநிலையையும் வெளியிட்டது. அறை வெப்பநிலையை 26 பாகை செல்சியஸுக்கும் மேலே உயர்த்தலாம், ஒவ்வொரு பாகைக்கும் குளிரூட்டும் சக்தியில் 2 முதல் 5 வீதம் வரை மிச்சம் பிடிக்கலாம் என்பதே அதன் சாரம். சர்வர் அறை என்றாலே 18 பாகையில் நடுங்க வேண்டும் என்று நினைக்கும் நமது அலுவலகங்களுக்கு இது ஒரு சதமும் செலவில்லாத பாடம். சர்வருக்குள் நுழையும் காற்று 27 பாகை வரை இருப்பதை சர்வதேசப் பரிந்துரைகளே ஏற்கின்றன.

இயந்திரத்தைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். மின்வழங்கிப் பகுதி டைட்டானியம் தரத்தில் இருந்தால், பாதிச் சுமையில் 96 வீத மின்சாரம் பயனுக்குப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் இந்த அளவைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. ஓர் அலகு உயரமுள்ள மெல்லிய சர்வரில் சிறிய விசிறிகள் அதிவேகமாகச் சுழல வேண்டும். விசிறியின் வேகம் பாதியானால் அது எடுக்கும் மின்சாரம் எட்டிலொன்றாகக் குறையும். எனவே இடம் இருக்குமானால் இரண்டு அலகு உயரமுள்ள, பெரிய விசிறி கொண்ட சர்வரே சிக்கனம்.

நல்ல சர்வர் விலை கூடியது, டொலர் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பல நிறுவனங்களில் ஐந்தாறு பழைய சர்வர்கள் பத்து வீத வேலைகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய இயந்திரம் சும்மா இருந்தாலும் மின்சாரத்தைக் கணிசமாக இழுக்கும். அந்த வேலைகளை மெய்நிகர் முறையில் ஒரே புதிய சர்வருக்கு மாற்றினால் இயந்திரச் செலவும் மின்கட்டணமும் சேர்ந்தே குறையும்.

எல்லாவற்றையும் கொழும்பில் குவிக்கவும் தேவையில்லை. ஒரு வைத்தியசாலையின் ஸ்கேன் படங்களையோ ஒரு நகரின் கண்காணிப்புக் கமராக்களையோ அந்தந்த இடத்திலேயே சிறிய சர்வரில் கையாளும் முறையை எட்ஜ் கணினி என்கிறார்கள். தலைநகருடனான இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காது. ஆனால் காத்தான்குடி, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்றும் வெப்பமும் தூசும் இயந்திரத்தை அரித்துவிடும். அங்கு 35, 40 பாகையிலும் இயங்கக்கூடியதாக உற்பத்தியாளர் உத்தரவாதம் தரும் ரகமே வேண்டும். அது குறைந்த மின்சாரத்தில் ஓடினால், மின்வெட்டு நேரத்தில் அதே பற்றரி கூடுதல் நேரம் தாங்கும்.

இதில் நமது சமூகத்துக்கு என்ன இருக்கிறது? நுரைச்சோலையின் 900 மெகாவொட் அனல்மின் நிலையம் புத்தளம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நிலக்கரித் தூசும் சாம்பலும் பற்றி அப்பகுதி மக்கள் பல வருடங்களாக முறையிட்டு வருகின்றனர். அவர்களில் நம்மவர்களும் அடங்குவர். கொழும்பில் ஒரு குளிரூட்டி வீணாக ஓடினால், அதற்கான கரி கற்பிட்டிக் கரையில் எரியக்கூடும். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தபோது, சாதாரண குடும்பங்கள் பட்ட பாட்டை மறக்க முடியுமா?

வுழூச் செய்யும் தண்ணீரைக்கூட வீணாக்கக் கூடாது என்று மத்ரஸாவில் கற்றுக்கொண்டவர்கள் நாம். வீண்விரயம் கண்ணுக்குத் தெரியாத அறையில் நடந்தால் மட்டும் அது ஆகுமானதாகிவிடாது. உள்ளூராட்சி சபைகளில் அமர்ந்திருக்கும் நமது உறுப்பினர்களும், அரச நிறுவனங்களில் பணிபுரியும் நமது பொறியியலாளர்களும் அடுத்த கேள்விப்பத்திரத்தில் ஒரேயொரு வரியைச் சேர்க்கச் சொல்லட்டும்: வாங்கும் விலையோடு ஐந்து வருட மின்செலவையும் கூட்டிக் காட்டுக. அந்த ஒரு வரியே மலிவாகத் தெரிவதையும் உண்மையில் மலிவானதையும் பிரித்துக் காட்டிவிடும்.