நாய்க்கு ஆன்மா இல்லை என்றவர் யார்?

வீட்டு நாய் செத்தால் கண்ணீர் விடுவது கிறிஸ்தவனுக்கு அழகன்று என்றோர் எண்ணம் நம் பங்குகளில் வேரூன்றி நிற்கிறது. அழுகிறவரைக் கண்டால் நகைப்பு. “போனது நாய்தானே, வேறொன்று வளர்த்தால் போயிற்று” என்ற ஆறுதல். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நகைப்புக்கு மறையுண்மை என்னும் முத்திரை குத்தப்படும்போது வாய்மூடி இருத்தல் தகாது.

எங்கள் வீட்டு மணி 13 ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து கடந்த ஆடியில் இறந்தது. என் தாயார் விடியற்காலைத் திருப்பலிக்குப் புறப்பட்டால் அது முன்னே ஓடும். கோயில் வாசலில் செருப்புகளின் அருகே படுத்திருந்து அவரோடு திரும்பும். அவர் இறைவனடி சேர்ந்த பின்னும் சில வாரங்கள் தனியே போய் அவ்வாசலில் கிடந்தது. என் பேத்தி அதன் முதுகைப் பற்றி நடை பழகியவள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அவள், “மணி மோட்சத்துக்குப் போகுமா?” என்று கேட்டாள். “நாய்க்கு ஆன்மா கிடையாது, செத்தால் மண்தான். இதற்கெல்லாம் அழக்கூடாது” என்பதே கிடைத்த மறுமொழி. வகுப்பே சிரித்ததாம். அன்றுமுதல் அவள் மணியின் பெயரையே எடுப்பதில்லை.

நாய்க்கு ஆன்மா இல்லையென்று சொன்ன மறைவல்லுநர் யார்? 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ் ஆன்மாவை மூவகையாகப் பகுத்துக் காட்டினார்: செடிகொடிகளுக்கு வளரும் ஆன்மா, விலங்குகளுக்கு உணரும் ஆன்மா, மனிதருக்கு அறியும் ஆன்மா. விலங்கின் ஆன்மா உடலோடு அழியும் என்றே அவர் கருதினார். அதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் ஆன்மாவே இல்லையென்று அவர் கூறவில்லை. விலங்குகளைக் கடிகாரம் போன்ற பொறிகளாகக் கண்டவர் 17ஆம் நூற்றாண்டின் மெய்யியலார் டெக்கார்ட். அவருடைய கருத்தைத் திருச்சபையின் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் போதிப்பது எந்த நியாயம்?

மறைநூலைத் திறந்து பாருங்கள். வானதூதர் இரபேலோடு தோபியா பயணம் புறப்பட்டபோது நாயும் உடன் சென்றது. திரும்பும்போதும் பின்னே வந்தது. அது நோய் தீர்க்கவில்லை, பேயை ஓட்டவில்லை. ஆயினும் தோபித்து நூலின் ஆசிரியர் அதை விட்டுவிட மனங்கொள்ளவில்லை. உடன் வருவதே அதன் தொண்டு.

“மனிதர் பட்டினி கிடக்கையில் நாய்க்கு அழுவதா?” என்பர். கேட்கத் தகுந்த கேள்வியே. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2418ஆம் எண்ணில், இதற்கு வரம்பு கட்டியிருக்கிறது. விலங்குகளை நேசிக்கலாம், மனிதருக்கே உரிய அன்பை அவற்றுக்கு அளிக்கலாகாது, மனிதர் துயர்துடைக்க வேண்டிய பணத்தை அவற்றுக்கு இறைக்கலாகாது. நாய்க்குப் பளிங்குக் கல்லறை எழுப்புவோர் இதைக் கேட்கட்டும். அதே எண்ணில், வீணே விலங்கை வதைப்பது மனித மாண்புக்கு இழுக்கு என்றும் உள்ளது. வீடு காத்துக் கிழடான நாயைச் சாக்கில் கட்டி அயலூரில் விட்டுவருவோர் இதையும் கேட்கட்டும்.

செல்வன் வீட்டு வாசலில் இலாசர் கிடந்தான். செல்வன் திரும்பிப் பார்க்கவில்லை. நாய்கள்தாம் அருகே வந்தன. நாய்களை அளவுமீறி நேசித்ததாலா அச்செல்வனிடம் இரக்கம் வறண்டது? நெஞ்சை ஒருபுறம் இறுக்கினால் மறுபுறம் இளகும் என்பது வெறும் கற்பனை.

மணி மோட்சத்தில் இருக்கும் என்று அறுதியிட எனக்கு உரிமையில்லை. அது மண்தான் என்று அறுதியிட அவ்வாசிரியருக்கும் உரிமையில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லௌதாத்தோ சீ’ சுற்றுமடலின் 243ஆம் எண், நிலைவாழ்வில் ஒவ்வொரு படைப்பும் ஒளியுருப் பெற்றுத் தனக்குரிய இடம் கொள்ளும் என்று நம்பிக்கையூட்டுகிறது. அற்ப விலைக்குப் போகும் சிட்டுக்குருவியைக்கூடக் கடவுள் மறவார் என்றார் நம் ஆண்டவர்.

வனத்து அந்தோனியார் திருநாளில் மாடுகளுக்குத் தீர்த்தம் தெளித்து மகிழ்கிறோம். பால் தரும் மாட்டுக்கு ஆசியும், காவல் முடிந்து மாண்ட நாய்க்கு நகைப்பும் என்றால், நாம் போற்றுவது படைத்தவரையா, பயனையா? மறைக்கல்வி ஆசிரியர்களே, அழுது நிற்கும் பிள்ளையிடம் இதைச் சொன்னால் போதும்: “கடவுள் அதைப் படைத்தார், அவர் மறக்கமாட்டார், அதை நமக்குத் தந்ததற்கு நன்றி சொல்வோம்.” இதில் மறைக்கு மாறானது ஒரு சொல்லும் இல்லை.