தேங்காயும் ராடாரும்

எங்கள் பக்கம் போர் போடுவதற்கு முன்னால், உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் தோட்டத்தைச் சுற்றி வருவார். தேங்காய் எழுந்து நின்றால் அடியில் தண்ணீராம். நொய்யல் ஓரம் இருக்கிற என் மாமா தோட்டத்தில் மூன்று இடத்தில் நின்றது. இரண்டில் புழுதி. மூன்றாவதில் தண்ணீர் வந்தது. வாயில் வைக்க முடியவில்லை. ஒரே உப்பு!

தோண்டாமலே மண்ணுக்குள் பார்க்க நிஜமாகவே கருவிகள் உண்டு சார். 2019-ல் கீழடி ஐந்தாம் கட்ட அகழாய்வையொட்டி அவற்றை இறக்கினார்கள். எதற்கு இந்த வம்பு, நேரே கடப்பாரையைப் போட வேண்டியதுதானே என்பீர்கள். அகழாய்வு என்பது கட்டிங் டேபிளில் கத்தி வைத்த துணி மாதிரி. தப்பாக வெட்டினால் ஒட்டவைக்க முடியாது.

எனக்குப் பிடித்தது காந்தமானி. களிமண்ணை அறுநூறு எழுநூறு டிகிரிக்குச் சுட்டு ஆறவிட்டால், அதிலுள்ள இரும்புத் துகள்கள் அன்றைய பூமியின் காந்தத் திசையை அப்படியே பிடித்துக்கொள்ளும். இரண்டாயிரம் வருஷம் ஆனாலும் விடாது. (நம்மால் காலையில் சொன்னதைச் சாயங்காலம் வரை பிடித்துக்கொள்ள முடிகிறதா?) அதனால் புதைந்த உலை, செங்கல் சூளை எல்லாம் மேலே நடக்கும்போதே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே நிபந்தனை: கருவியைத் தூக்கி நடப்பவர் பெல்ட், சாவிக்கொத்து, செல்போன் மூன்றையும் கழற்றி வைக்க வேண்டும். முதல் இரண்டு பரவாயில்லை.

உலை என்றால் கொடுமணல்தான். நம் நொய்யலின் வடகரையில், சென்னிமலைப் பக்கம். 1985-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பித்தது. இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த பட்டறை, நூல் நூற்ற தக்கிளி வில்லை எல்லாம் கிடைத்தன. அப்போதும் எக்ஸ்போர்ட் ஊர்தான்!

அடுத்தது ராடார். புல் வெட்டும் மெஷின் மாதிரி தள்ளிக்கொண்டே போனால், அலை உள்ளே போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும். இதற்கு ஒரு எதிரி உண்டு. உப்பேறிய ஈர மண்! அலையை விழுங்கி ஏப்பம் விட்டுவிடும்.

சாயம் துணியில் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போட்டோம். அது நொய்யலில் இறங்கி, 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி ஹைகோர்ட் உத்தரவு போடுவதற்குள் ஆற்றோர வயல்களில் உப்பு ஏறிவிட்டது. அங்கே ராடாரை உருட்டினால், சேரன் காலத்துச் சுவருக்குப் பதில் பனியன் கம்பெனிக்காரர்களான நாம்தான் குறுக்கே நிற்போம்.

மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி மாப்ளே, நாளைக்கு நாலாவது எடம் பாக்கறோம். வரும்போது நல்ல தேங்காயா ஒண்ணு வாங்கிட்டு வா."