ஆகாயத்தில் ஒரு மேல்கோட்டையா?

வானத்திலிருந்து என்றைக்காவது ஒரு பெருங்கல் விழுந்து மனித சமூகமே அழிந்து போகக்கூடும், ஆதலால் செவ்வாய்க் கிரகத்தில் போய்க் குடியேறிவிட வேண்டும் என்பதாக மேல்நாட்டில் சிலர் பேசி வருகின்றார்கள். ஈலான் மஸ்க் போன்ற கோடீஸ்வரர்கள் இதற்கென்று ராக்கெட்டுகளும் செய்து வருகின்றார்கள்.

கல் விழும் என்பது புராணமல்ல. சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷங்களுக்கு முன் மெக்சிகோவின் யுகாட்டான் பக்கம் விழுந்த கல்லினால் டைனோசர்கள் ஒழிந்தன. 2013-ல் ருஷியாவில் செலியாபின்ஸ்க் நகரத்தின் மேல் வெடித்த கல் சுமார் 60 அடி அகலந்தான். ஆயினும் ஏறக்குறைய 1,500 பேர் காயமடைந்தார்கள். அது வருவதை முன்கூட்டி ஒருவரும் அறியவில்லை. ஆகவே பயம் நியாயமானதே. பரிகாரம் என்ன என்பதுதான் நமது கேள்வி.

நம் நாட்டில் ஒரு பரிகாரம் உண்டு. 1962 பிப்ரவரியில் எட்டுக் கிரகங்கள் ஒன்று கூடுவதால் உலகம் அழியுமென்று சோதிடர்கள் சொல்ல, தேசமெங்கும் யாகம் வளர்த்து நெய்யைக் கொட்டினார்கள். உலகம் அழியவில்லை, நெய்தான் அழிந்தது.

நிற்க, குடியேறும் பரிகாரத்தின் யோக்கியதையைச் செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்கள் அறியலாம். அங்கே ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். உச்சியிலுள்ள மேல்கோட்டைக்கு ஒரு பிளவின் மேல் போட்ட சிறு பாலத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஆபத்துக் காலத்தில் ஒதுங்கும் இடம் அது. யார் ஒதுங்க? கல் சுமந்து மதில் கட்டியவனா? கீழே வயலை உழுதவனா? மொகலாயர் 1690 முதல் எட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-ல் அக்கோட்டையைப் பிடித்தபோது, அரசர் ராஜாராம் முன்னமே தப்பிப் போய்விட்டார். உள்ளே இருந்தவர்கள் அகப்பட்டார்கள். அதே கோட்டையை 1750-ல் பிரெஞ்சுக்காரர் ஒரே இரவில் பிடித்தார்கள். மலையும் மதிலும் பழையவைதான். காத்து நின்றவர்கள்தான் வேறு.

செவ்வாய்க் கிரகமும் ஒரு மேல்கோட்டையே. அங்கே சுவாசிக்கக் காற்றில்லை. கல் விழாமலும் இல்லை. கப்பலில் இடமோ சிலருக்குத்தான். அந்தச் சிலரைப் பொறுக்குவது பணமா, பிறப்பா? கீழே விடப்படும் 800 கோடி ஜனங்களுக்கு இதனால் என்ன பாதுகாப்பு?

எல்லோரையும் காக்கும் வழி வேறொன்று இருக்கின்றது. செஞ்சிக்கு வடமேற்கே சவ்வாது மலையில் காவலூர் வானாராய்ச்சி நிலையம் உள்ளது. அங்கே 1988 பிப்ரவரி 17-ல் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்கு ராமானுஜன் பெயர் இடப்பட்டது. அந்தத் தேடலுக்கு வைத்த பெயர் 'கல்கி'! குதிரைமேல் வரும் கல்கியை இதுவரை ஒருவரும் காணவில்லை. தொலைநோக்கி கொண்டு தேடினவர்களுக்குச் சிறுகோள் அகப்பட்டது.

கண்டுபிடித்தால் தள்ளிவிடவும் முடியும். 2022 செப்டம்பரில் நாசா ஒரு விண்கலத்தை டைமார்ஃபஸ் என்னும் சிறுகோளின் மேல் மோதவிட்டு, அது சுற்றும் நேரத்தைச் சுமார் 32 நிமிஷம் குறைத்தது. 2025 பிப்ரவரியில் வேறொரு கல் 2032-ல் பூமியில் மோத 100-க்கு 3 பங்கு வாய்ப்பு உண்டென்று கணக்கிட்டார்கள். விழக்கூடிய பாதையில் தெற்கு ஆசியாவும் இருந்தது. மேலும் சில நாள் அளந்ததும் மோதாது என்று தெரிந்தது. இதற்கு ஒரு சொட்டு நெய்யும் செலவாகவில்லை.

ஆனால் காவல் இன்னும் பூர்த்தியாகவில்லை. ஒரு பிராந்தியத்தையே நாசமாக்கக்கூடிய, 140 மீட்டருக்கு மேற்பட்ட கற்களில் பாதிகூட 2025 வரை கண்டுபிடிக்கப்படவில்லை. மேல்கோட்டை கட்ட ஆசையுள்ளவர்கள் கட்டட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் பொது ஜனங்களின் பணம் முதலில் எல்லோருக்கும் பொதுவான காவலுக்கே செலவாக வேண்டும் என்றும், நம் சர்க்காரும் அதில் தன் பங்கைச் செலுத்த வேண்டும் என்றும் வற்புறுத்திச் சொல்லுகின்றோம்.